குடிக்காதவர்களுக்கு அடிலெய்டில் என்ன இருக்கிறது?

மெல்பர்னிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மார்ச் இரண்டாம் வாரம், நான்கு நாள். திருச்சியிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, ஒன்பது வயதுப் பையன், கணவர், நீங்கள். "அடிலெய்டில் ஒயின் தோட்டத்தை விட்டால் ஒன்றுமில்லை என்கிறார்கள், நான்கு நாளைக்குத் தாங்குமா?" என்பது கேள்வி. ஆனால் போகிற போக்கில் கடைசியாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை, பரோசாவுக்குக் கூட்டிப் போனால் சங்கடப்படுவாரோ என்று யோசனை." நீங்கள் உண்மையில் கேட்பது இதைத்தான். அதனால் அடிலெய்டுக்குப் பக்கத்து ஒயின் பள்ளத்தாக்கான பரோசாவிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன், எதில் என்னை நம்பலாம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமே. பன்னிரண்டு வருடமாக இந்த ஊரில் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். நம் ஊர்க் குடும்பங்கள்தான் அதிகம். வண்டி ஓட்டுபவன் குடிக்க முடியாது, எனக்கு அதில் ஆசையும் இல்லை. ஆகவே எந்த ஷிராஸ் (இங்கே பேர்போன சிவப்பு ஒயின், அதற்கான திராட்சைக்கும் அதே பெயர்) உயர்ந்தது என்று கேட்டால், பின் இருக்கையில் பேசிக்கொண்டதைத்தான் திருப்பிச் சொல்வேன். எங்கே நிழல் இருக்கிறது, எங்கே கழிப்பறைக்குப் படி ஏற வேண்டும், எழுபதை நெருங்குபவர் எத்தனை மணிக்கு "போதும்ப்பா" என்பார் என்பதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒருமுறை ஒரு பெரியவர் "சாராயக்கடைக்குள் எனக்கு என்ன வேலை?" என்று வேனை விட்டு இறங்கவே இல்லை. அது ஆகஸ்ட் மாதம், கொடிகள் இலையில்லாமல் நிற்கும் நேரம். வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் கவாத்து செய்துகொண்டிருந்தார். பெரியவருக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம் உண்டு. பத்து நிமிடம் கண்ணாடி வழியாகப் பார்த்தார், அப்புறம் இறங்கி வேலியோரம் போனார். எந்தக் கண்ணை விட்டு எங்கே வெட்டுகிறீர்கள், தண்ணீர் எப்படி விடுகிறீர்கள் என்று பாதி ஆங்கிலத்திலும் பாதி கையாலும் பேச்சு. ருசி பார்க்கப் போனவர்கள் திரும்பி வந்து இவருக்காகக் காத்திருந்தார்கள். அன்றிலிருந்து நம் ஊர்ப் பெரியவர்களிடம் பரோசாவை ஒயின் ஊர் என்று நான் சொல்வதில்லை. திராட்சை விளையும் ஊர் என்கிறேன். சொல்லை மாற்றியதும் முகம் மாறுகிறது.

நீங்கள் பயப்படுகிற மாதிரி அங்கே யாரும் தள்ளாடிக்கொண்டு இருக்க மாட்டார்கள். செல்லர் டோர் என்பது தயாரிப்பவரே தன் தோட்டத்தில் வைத்திருக்கும் கடை. நகைக்கடை மாதிரி அமைதியாக இருக்கும். கண்ணாடிக் கோப்பையின் அடியில் இரண்டு வாய் ஊற்றுவார்கள், துப்புவதற்குப் பாத்திரமும் வைத்திருப்பார்கள். ஐந்து பேர் போய் ஒருவர் மட்டும் ருசி பார்ப்பது அவர்களுக்குத் தினப்படி விஷயம். பெரியவர்களோடு வரும் குழந்தைகளுக்கும் பெரும்பாலான இடங்களில் தடையில்லை. இப்போது அநேகமாக எல்லா இடத்திலும் ருசி பார்க்கக் கட்டணம் உண்டு, பாட்டில் வாங்கினால் கழித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். இது இடத்துக்கு இடம் மாறும். வார இறுதியில் ஐந்து பேராகப் போனால் முன்பதிவு செய்துகொண்டு போவதே நல்லது.

பரோசாவில் ஒரே ஒரு இடம்தான் என்றால் அப்பாவை செப்பெல்ட்ஸ்ஃபீல்டுக்குக் கூட்டிப் போங்கள். 1851ல் தொடங்கிய பண்ணை. 1878ல் அதன் உரிமையாளர் பென்னோ செப்பெல்ட், புதிதாகக் கட்டிய கிடங்கில் அந்த வருடத்து டானி என்ற இனிப்பு ஒயினில் மிகச் சிறந்ததை ஒரு பெரிய பீப்பாயில் ஊற்றி, நூறு வருடம் யாரும் தொடக்கூடாது என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வருடம்கூட விடாமல் அதையே செய்துவருகிறார்கள். இரண்டு போர்கள் வந்தன, மந்தம் வந்தது, உரிமையாளர்கள் மாறினார்கள், பீப்பாய் வரிசை மட்டும் நிற்கவில்லை. வைத்தவர் குடிக்க மாட்டார், அவர் பிள்ளையும் குடிக்க மாட்டார் என்று தெரிந்தே வைப்பது. மரத்தின் வழியே வருடா வருடம் கொஞ்சம் ஆவியாகிப் போவதால், நூறு வருடம் கழித்து மிஞ்சுவது பாகு போல் கெட்டியாக, கறுப்பாக இருக்குமாம். வழிகாட்டியோடு உள்ளே போனால் ஒவ்வொரு பீப்பாய் மேலும் வருடம் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அப்பா பிறந்த வருடத்துப் பீப்பாய் இன்னும் திறக்கும் வயதை எட்டாமல் அங்கே உறங்கிக்கொண்டிருக்கும். தான் பிறந்த வருடத்தின் முன்னால் போய் நிற்பதற்குக் குடிக்கிற பழக்கம் எதற்கு? என் அனுபவத்தில், ஒயினே தொடாதவர்கள்தான் அங்கே அதிக நேரம் நிற்கிறார்கள். அந்தப் பக்கத்துச் சாலைகளில் இரண்டு ஓரமும் பேரீச்சை மரங்கள், இரண்டாயிரத்துக்கும் மேல். 1930களின் பொருளாதார மந்தத்தில் ஆட்களை வேலையைவிட்டு அனுப்ப மனமில்லாமல், மரம் நடும் வேலை கொடுத்ததால் வந்தவை. அம்மா வண்டியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, கொடிகள். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பரோசாவுக்குப் போவதற்கு உண்மையான காரணம் இதுதான் என்பேன். ஃபைலாக்செரா என்று ஒரு பூச்சி, பேன் அளவுதான் இருக்கும், திராட்சை வேரைக் கடித்தே கொடியைக் கொன்றுவிடும். 1860களிலிருந்து பிரான்ஸின் தோட்டங்களை அழித்ததும் அதுதான். அப்புறம் ஐரோப்பாவில் பெரும்பாலும் அமெரிக்க வேர்க்கட்டையில் ஒட்டுக்கட்டித்தான் திராட்சை வளர்க்கிறார்கள். தெற்கு ஆஸ்திரேலியா 1899லேயே சட்டம் போட்டு வாசலை அடைத்துவிட்டது, பூச்சி இன்றுவரை உள்ளே வரவில்லை. அதனால் சொந்த வேரில் நிற்கும் பழங்கிழக் கொடிகள் இங்கே மிச்சம் இருக்கின்றன. பரோசாவின் டனுண்டா ஊரில் லாங்மைல் என்ற பண்ணையில் 1843ல் நட்ட ஷிராஸ் இன்னும் காய்க்கிறது. கொடி என்றே சொல்ல முடியாது, முறுக்கிய மரம். முப்பத்தைந்து வருடம் தாண்டினால் ஒரு பெயர், எழுபது தாண்டினால் ஒன்று, நூறுக்கு ஒன்று, நூற்றிருபத்தைந்துக்கு "மூதாதை" என்று 2009ல் வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். கம்பம் பக்கம் பன்னீர் திராட்சையைப் பந்தலில் பார்த்துப் பழகியவர்களுக்கு, இங்கே பந்தலும் இல்லாமல் குட்டிப் புதர் மாதிரி தனித்தனியாக நிற்கும் பழைய கொடிகள் விசித்திரமாக இருக்கும்.

இதை உங்களிடம் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. நீங்கள் விக்டோரியாவிலிருந்து வருகிறீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்து யாரா பள்ளத்தாக்கில் 2006லேயே இந்தப் பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. செருப்பில் ஒட்டிய மண்ணோடு வந்துவிடும். அதனால் பையன் படம் எடுக்கக் கொடி வரிசைக்குள் ஓடினால் கூப்பிட்டு நிறுத்துங்கள். "உள்ளே வராதீர்கள்" என்ற பலகை ஏதோ திமிரில் வைத்தது இல்லை. யாராவுக்குப் போட்டுப்போன ஷூ இருந்தால் கழுவிவிட்டுக் கொண்டுவாருங்கள். காரில் வருவதாக இருந்தால் பழம், காய்கறி எதையும் எல்லை தாண்டிக் கொண்டுவரக் கூடாது, இது பழ ஈக்காகப் போட்ட விதி. மாட்டினால் அபராதம் உண்டு. அம்மா வழிக்கு என்று வாழைப்பழம் எடுத்து வைப்பார், எல்லைக்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். அது இருக்கட்டும், முழங்கால் வலியுள்ள அம்மாவை எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் உட்கார வைத்துக் கூட்டி வருவதைவிட, ஒன்றேகால் மணி நேரம் விமானத்தில் வந்து இங்கே வாடகைக் கார் எடுப்பது எவ்வளவோ மேல்.

மார்ச்சில் பொதுவாக அறுவடை நடந்துகொண்டிருக்கும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை அறுவடைக் காலம். திராட்சை ஏற்றிய வண்டிகள் சாலையில் ஊர்ந்து போகும், ஊரே புளித்த வாசனையில் இருக்கும். கோடை கடுமையாக இருந்த வருடத்தில் சீக்கிரமே முடிந்துவிடுவதும் உண்டு, ஆகவே நீங்கள் வரும் நாளில் கண்டிப்பாகப் பார்க்கலாம் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

கணவருக்கு ஒரு வார்த்தை. இரத்தத்தில் ஆல்கஹால் அளவு 0.05ஐ எட்டினாலே குற்றம். காரணமே சொல்லாமல் எந்தச் சாலையிலும் நிறுத்தி ஊதச் சொல்வார்கள். இரண்டு வாய் இரண்டு வாயாக நாலு இடத்தில் குடித்தால் எவ்வளவு ஆனது என்று யாருக்கும் கணக்குத் தெரியாது. அன்றைக்கு வண்டியை நீங்கள் ஓட்டுங்கள். அடிலெய்டிலிருந்து டனுண்டா 70 கிலோமீட்டர் போல, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. நகரத்து ரயில் கவ்லர் வரைதான் போகும், அதற்கு மேல் பஸ். பெரியவர்களோடு அது சரிப்படாது. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரே நாளில் ஐந்து பண்ணை காட்டுகிறேன் என்று ஒரு குடும்பத்தை இழுத்துக்கொண்டு போனேன். மூன்றாவதிலேயே எல்லோருக்கும் தலைவலி, நான்காவதில் யாரும் இறங்கவில்லை. இரண்டு இடம், நடுவில் சாப்பாடு, அவ்வளவுதான். பண்ணை உணவகங்களில் சைவம் என்றால் பெரும்பாலும் பாலாடைக்கட்டித் தட்டுதான் வரும். தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய் டனுண்டாவில் ஏதாவது பொதுப் பூங்காவில் மர நிழலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பண்ணைக்குள் வெளிச்சாப்பாடு கூடாது என்பார்கள். திரும்பும்போது வில்லியம்ஸ்டவுன் பக்கம் பரோசா நீர்த்தேக்கத்தின் வளைந்த அணைச்சுவரில் நிறுத்துங்கள். ஒரு முனையில் பையன் சுவரைப் பார்த்து மெல்லப் பேசினால், நூறு மீட்டருக்கு மேல் தள்ளி மறுமுனையில் நிற்கும் தாத்தாவுக்குக் காதில் விழும். காசில்லாத வேடிக்கை. அன்றைக்குப் பையனுக்கு நினைவில் நிற்கப்போவது அதுதான்.

கணவர் ஒயினில் நிஜமாகவே ஆர்வமுள்ளவர் என்றால், நகர மையத்திலிருந்து 8 கிலோமீட்டரில் மகில் என்ற இடத்தில் ஒரு ஒயின் பண்ணை இருக்கிறது. 1844ல் பென்ஃபோல்ட் என்ற மருத்துவர் வாங்கிய இடம். அவர் பெயரிலான பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் ஒயின் தயாரிப்பாளர் மாக்ஸ் ஷுபர்ட் 1951ல் கிரேஞ்ச் ஒயினை முதன்முதலில் செய்து பார்த்தது அங்கேதான். குடித்தவர்கள் முகம் சுளித்தார்கள். 1957ல் நிறுவனமே நிறுத்தச் சொல்லிவிட்டது. மனிதர் மூன்று வருடம் மேலிடத்துக்குத் தெரியாமல் செய்து ஒளித்து வைத்தார். இன்று ஆஸ்திரேலியாவில் அதைவிடப் பெயர் பெற்ற ஒயின் இல்லை. டாக்ஸியில் அவரை மட்டும் அரைநாள் அங்கே அனுப்பிவிட்டு நீங்கள் விலங்குக்காட்சிசாலைக்குப் போங்கள். ஆஸ்திரேலியாவில் பாண்டா இருப்பது அங்கே மட்டும்தான், இப்போதுள்ள ஜோடி 2024 டிசம்பரில் வந்தது.

இனி நகரம். "ஒன்றுமில்லை" என்று சொன்னவர்கள் சிட்னியை மனதில் வைத்துக்கொண்டு வந்திருப்பார்கள். அடிலெய்டு 1836ல் கைதிகளை அனுப்பாமல் தொடங்கிய குடியேற்றம், அடுத்த வருடம் கர்னல் லைட் கட்டம் கட்டமாக அளந்து, சுற்றிலும் பூங்காவை வளையமாக விட்டு வரைந்த ஊர். அதற்கு முன்பிருந்தே இது கார்னா என்ற பழங்குடி மக்களின் நிலம். பெரிய அதிசயம் எதுவும் கண்ணில் அறையாது, ஆனால் முதியவர்களுக்கு இதைவிடச் சுலபமான நகரம் கிடையாது. நார்த் டெரஸ் ஒரே தெருவில் அருங்காட்சியகம், ஓவியக்கூடம், நூலகம், கடைசியில் தாவரவியல் பூங்கா. பொது நுழைவு எல்லாமே இலவசம், நகரத்துக்குள் டிராமும் இலவசம். அருங்காட்சியகத்தில் பழங்குடி மக்களின் அரும்பொருள் தொகுப்பு மிகப் பெரியது. அதோடு எடியக்காரா புதைபடிவங்களையும் பையனுக்குக் காட்டுங்கள். 1946ல் ரெக் ஸ்ப்ரிக் என்ற புவியியலாளர் இந்த மாநிலத்து மலைகளில் கண்டெடுத்தவை, டைனோசருக்கு முப்பது கோடி வருடம் முந்தைய உயிர்கள். பூங்காவில் 1877ன் கண்ணாடி மாளிகை ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தது. மத்தியச் சந்தை 1869லிருந்து நடக்கிறது, அம்மாவுக்குப் பிடிக்கும். ஞாயிறு மூடியிருக்கும், வெள்ளிக்கிழமை போங்கள்.

அப்பா கிரிக்கெட் பார்ப்பவர் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அடிலெய்டு ஓவலை விட்டுவிடாதீர்கள். 1911ன் பழைய ஸ்கோர்போர்டு இன்னும் கையால்தான் இயங்குகிறது. பிராட்மன் 1934ல் இந்த ஊருக்குக் குடிவந்து கடைசிவரை இங்கேயே இருந்தார், அவருடைய பொருட்கள் மைதானத்தில் காட்சியில் இருக்கின்றன. 2003ல் திராவிட் 233ம் ஆட்டமிழக்காமல் 72ம் அடித்து ஜெயிக்க வைத்த மைதானம். 2020ல் நாம் 36க்குச் சுருண்டதும் அதே மைதானம்தான், வழிகாட்டிகள் அதையும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கூரை மேல் ஏறும் பயணம் அம்மாவுக்கு வேண்டாம்.

ஒரு நாள் மலைக்கு. சுமார் 700 மீட்டர் உயரமுள்ள மவுண்ட் லாஃப்டியிலிருந்து நகரமும் கடலும் ஒன்றாகத் தெரியும். கொஞ்சம் கீழே கிளீலண்ட் வனவிலங்குப் பூங்காவில் கங்காருக்குக் கையால் தீனி கொடுக்கலாம். கோலாவைத் தூக்கிப் படம் எடுக்க முன்பதிவு வேண்டும். வெயில் கூடினால் கோலாவின் நலனுக்காக அதை நிறுத்திவிடுவார்கள். காட்டுத்தீ அபாயம் உச்சத்தில் உள்ள நாளில் பூங்காவையே மூடுவார்கள். அதனால் மலைக்கு எந்த நாள் என்பதை வானிலை பார்த்துத் தீர்மானியுங்கள். அங்கிருந்து ஹான்டார்ஃப் பக்கம்தான். மதக் காரணத்துக்காக ஊரைவிட்டு வந்த பிரஷ்ய லூத்தரன்கள் 1839ல் அமைத்த கிராமம், அழைத்து வந்த கப்பல் கேப்டன் ஹானின் பெயர் அதற்கு. அந்தக் காலத்தில் பெண்கள் இரவில் கிளம்பி மலையிறங்கி நடந்தே அடிலெய்டுக்கு வந்து காய்கறி விற்றார்கள். முதல் உலகப்போரில் ஜெர்மன் பெயர் ஆகாது என்று ஆம்பிள்சைடு ஆக்கி, 1935ல்தான் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்று தெரு முழுக்கக் கடைகள், கொஞ்சம் அதிகமாகவே சுற்றுலா வாடை. இரண்டு மணி நேரம் போதும்.

கடைசி நாளை காலியாக வையுங்கள் என்பது என் யோசனை. மாலையில் டிராம் பிடித்துக் கிளெனெல்க் கடற்கரைக்குப் போங்கள், நகரத்திலிருந்து அரைமணி. இங்கே கடற்கரை மேற்கைப் பார்த்தது. வங்காள விரிகுடாவில் சூரியன் எழுவதை மட்டுமே பார்த்தவர்கள் இங்கே அது கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கலாம், மார்ச்சில் ஏழரை மணி வாக்கில். இன்னும் தெம்பு இருந்தால் பகலில் தெற்கே விக்டர் ஹார்பர் போகலாம். அங்கிருந்து கிரானைட் தீவுக்கு, 1894ல் தொடங்கி நடுவில் நின்று மறுபடி வந்த குதிரை டிராம் ஓடுகிறது. திமிங்கலம் பார்க்க என்று யாராவது அனுப்பினால் நம்பாதீர்கள், அது மே முதல் அக்டோபர் வரைதான். வழியில் மெக்லாரன் வேல் வரும். அதுவும் நல்ல திராட்சைப் பகுதி, கடலோரம், பரோசாவைவிடக் கிட்ட. ஆனால் இரண்டு பள்ளத்தாக்கையும் பார்த்துவிட வேண்டும் என்று பெரியவர்களை அலைக்கழிக்க வேண்டாம், ஒன்று போதும். கங்காரு தீவை இந்தமுறை மறந்துவிடுங்கள். துறைமுகம் வரை ஒன்றரை இரண்டு மணி, படகில் முக்கால் மணி, தீவின் நீளம் மட்டும் 155 கிலோமீட்டர். ஒரே நாளில் போய்வரலாம் என்று விளம்பரம் இருக்கும், முழங்கால் வலியோடு அது தண்டனை. இரண்டு இரவு தங்க முடிந்தால் தனியாக வாருங்கள்.

தேதியில்தான் எனக்குக் கொஞ்சம் கவலை. மார்ச் இரண்டாம் திங்கள் இங்கே அரசு விடுமுறை. அந்த நீண்ட வார இறுதியில் ஊரில் திருவிழாக்கள் ஒன்றன் மேல் ஒன்றாக நடக்கும். அறை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் வாடகை எகிறியிருக்கும். ஒரு வாரம் தள்ளிப் போட முடிந்தால் போடுங்கள், வெயிலும் கொஞ்சம் தணிந்திருக்கும். இந்த ஊர் 2019 ஜனவரியில் 46.6 டிகிரி பார்த்த ஊர், மார்ச்சிலும் 35ஐத் தாண்டும் நாள் வரும்.

அறைக்கு அடுத்து முதலில் பதிவு செய்ய வேண்டியது செப்பெல்ட்ஸ்ஃபீல்டின் பீப்பாய்க் கிடங்குப் பயணம், சின்னக் குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள். குடிக்காதவர்கள் இரண்டு பேர், சிறுவன் ஒருவன் என்று பதிவின்போதே சொல்லிவிடுங்கள். அப்பாவின் பிறந்த வருடத்தையும் சொல்லிவையுங்கள், சான்றிதழில் உள்ளது வேண்டாம், உண்மையான வருடம்.